மருந்து என்னும் சொல்

வன்னி மண்ணில் மருந்து என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வைத்தியசாலையில் தருவதும் மருந்து; வயலுக்கு அடிப்பதும் மருந்து. “என்ன மருந்து பாவிக்கிறீர்கள்?” என்று வைத்தியர் வினவினால், கமக்காரர் தாம் விழுங்கும் குளிசையின் பெயரைக் கூறுவாரேயன்றி, முதுகிற் சுமந்து விசிறிய நஞ்சின் பெயரைக் கூறார். மருத்துவம் பயில்வோர் இந்த வேறுபாட்டையும் பயிலவேண்டும் என்பது என் துணிபு.

மலேரியாவை ஒழிக்க இந்நாட்டில் 1940களின் நடுப்பகுதியில் வீடு வீடாக டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினர். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. காடு வெட்டிக் கழனியாக்கிய நம் முன்னோர் அதனாற் பெற்ற நன்மையை மறுத்தல் நன்றிகொன்ற செயலாகும். ஆயினும் அப்பொருள் எளிதில் அழிவதன்று. மண்ணிற் பல்லாண்டு தங்கும், உணவின் வழியே உடலிற் புகுந்து கொழுப்பிற் சேரும், தாய்ப்பாலிலும் கலக்கும். அது 1970களிற் கைவிடப்பட்டது. எண்டோசல்பான் 1998இல் இங்கு தடைசெய்யப்பட்டது. நெடுநாள் அழியாத இத்தகைய நஞ்சுகளைக் கட்டுப்படுத்த 2001இல் ஸ்ரொக்கோமில் உலக நாடுகள் உடன்படிக்கையுஞ் செய்தன. கடையில் விற்பதைச் சட்டம் தடுக்கும். மண்ணிற் கிடக்கும் எச்சத்தை அது என் செய்யும்?

கேரளத்துக் காசர்கோட்டிலே முந்திரித் தோட்டங்களுக்கு 2000ஆம் ஆண்டுவரை எண்டோசல்பானை வானிலிருந்து தெளித்தனர். அயற் கிராமங்களில் வழக்கத்துக்கு மாறான நோய்கள் மிகுவதைக் கண்டு முதலில் ஐயுற்றவர்களுள் மோகன்குமார் என்னும் கிராமத்து வைத்தியரும் ஒருவர். அவரிடம் பெரிய ஆய்வுகூடம் இருக்கவில்லை. தம்மிடம் வந்தோரின் நோயையும் அவர்தம் ஊரையும் ஒருங்கே நோக்கினார், அவ்வளவே. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்நஞ்சைத் தடைசெய்தது. நோயாளியிடம் அவர் செய்யுந் தொழிலையுங் கேட்கவேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் இரமசினி 1700இலேயே எழுதினார். கிளினிக்கில் நெரிசல் மிகுதி என்பர், உண்மைதான். ஆயினும் இக்கேள்விக்கு அரை நிமிடம் போதும்.

யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிகளிலும் இதற்கெனச் சில மணி நேரமாயினும் ஒதுக்கவேண்டும். என்ன பயிர், எதை அடித்தீர், எங்கே வைத்திருக்கிறீர், எந்தக் கிணற்று நீர், வெறும் போத்தலை என்ன செய்தீர் என்று கேட்டு, விடையைக் கிளினிக் கொப்பியிற் பதியப் பழக்கவேண்டும். அரைகுறை அறிவு ஆபத்தானது என்பதையும் உணர்த்தல்வேண்டும். பாலில் நஞ்சென்று மட்டுங் கேள்வியுற்ற ஒருவர் தாயிடம் பாலூட்டுவதை நிறுத்தச் சொன்னால், குழந்தைக்கு அதனால் வருந் தீங்கே பெரிது. தாய்ப்பாலே சிறந்தது என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஐயமில்லை.

வைத்தியர் ஆங்கிலத்திற் கற்ற பெயர்கள் கமக்காரர் நாவில் வழங்குவனவல்ல. ஆகவே நம் பழைய மாணவராகிய வைத்தியர்களும் விவசாயப் போதனாசிரியர்களும் கூடி, ஊர் வழங்கும் நஞ்சுப் பெயர்களுக்கு ஓர் அகராதி ஆக்கவேண்டும். சொற்களைத் தொகுத்துத் தரும் வேலையை எம் உயர்வகுப்பு மாணவர் ஏற்பர். அவர்களுட் பலர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளே.