டீகாஃப் எதற்கு?

கணியம்பாடியில் என் வயதுக்காரர்கள் சிலர் டீகாஃப் காபிக்கு மாறிவிட்டார்கள். தூக்கம் வருமாம். பென்ஷன் பணத்தில் அந்த விலையா?

1906இல் ஜெர்மனியில் ரோசெலியஸ் அதை விற்கத் தொடங்கியபோது காஃபினை எடுக்கப் பயன்பட்டது பென்சீன்! இன்று முறைகள் மாறிவிட்டன. ஆனாலும் பச்சைக் கொட்டையை ஊறவைத்து காஃபினை எடுக்கும்போது மணமும் கொஞ்சம் போய்விடுகிறது.

நம் சிக்கரியை ஏளனம் செய்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வேரில் காஃபின் துளியும் இல்லை. 70-30 பொடி வாங்கினால் முப்பது பங்கு ஏற்கெனவே டீகாஃப்தான். சட்டப்படி 49 சதவீதம் வரை சேர்க்கலாம், பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், கண்ணாடி மாட்டிப் படியுங்கள். ரொபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின். அரைத்துத் தரும் கடையில் அராபிகா கேளுங்கள்.

டாக்டர் காஃபின் கூடாது என்று சொன்னவர்கள் தாராளமாக டீகாஃப் குடிக்கட்டும். மற்றவர்கள் மதியத்துக்குமேல் டபராவைக் கவிழ்த்து வைத்தாலே போதும்.