வரைபடத்தில் தொடங்கும் புகை

பசுமை நகரம் என்னும் சொல் இன்று மேடைதோறும் முழங்கப்படுகின்றது. கூரையில் சூரிய ஒளித் தகடு பதித்தோம், தெருவிளக்குகளை மாற்றினோம், மின்சாரக் கார் வாங்கினோம், ஆகவே நகரம் பசுமையாயிற்று என்று மார்தட்டுவோர் பலர். அவர்களை மறுக்கவே இதனை எழுதுகின்றேன். ஒரு நகரம் கக்கும் கரியமில வாயுவின் அளவு மின்நிலையத்தில் மட்டுமே முடிவாவதன்று. வீடு எங்கே, வேலை எங்கே, பள்ளி எங்கே, சுவர் எத்திசை நோக்கி நிற்பது என்று வரைபடத்தில் கோடு கிழிக்கப்படும் அன்றே அதிற் பெரும்பங்கு முடிவாகிவிடுகின்றது. கோடு கிழிப்பவரோ எரிசக்தியைப் பற்றிக் கேட்பதில்லை. எரிசக்தியை ஆள்பவரோ கோடு கிழிக்கும் மேசைக்கு அழைக்கப்படுவதில்லை.

சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டா. புத்ராஜெயா ஒன்றே போதும். அந்நகரம் எழுந்த மண், 1921ஆம் ஆண்டில் முதல் உலகப் போரினின்று மீண்ட ஆங்கிலேயர் சிலர் அமைத்த பிராங் பெசார் தோட்டமாகும். பெயரின் பொருளே ‘பெரும்போர்’ என்பது. 1990களில் நகரப் பணி தொடங்கியபோது அங்கிருந்த தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. தோட்ட வாழ்வைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே வாழாதவரே அவ்வாறு சொல்வர். வறுமையும் இழிவும் அங்கே மலிந்திருந்தன. ஆயினும் லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கும், பள்ளிக்கும், கோயிலுக்கும், கடைக்கும் கால்நடையாகவே சென்றோம். லயத்தை விட்டு வந்தவனுக்கு முதல் தேவையாக வந்து நின்றது மோட்டார் சைக்கிள். அதற்குரிய தவணையும் எண்ணெய்ச் செலவும் அவன் சம்பளத்தை அரித்தன. தொலைவு என்பது ஏழையிடம் வசூலிக்கப்படும் வரி என்பதை எந்தப் பசுமை மாநாட்டிலும் ஒருவரும் எடுத்துரைத்ததாக நான் கேட்டதில்லை.

போகட்டும். ஏறத்தாழ 4,900 ஹெக்டர் நிலம் நகரமைப்போர் கையில் வெற்றுத்தாளாய்க் கிடைத்தது. நிலமும் பணமும் சட்டமும் ஓர் அரசின் கையிலேயே இருந்தன. நூற்றுக்கு எழுபது பயணங்கள் பொதுப் போக்குவரத்தில் நிகழவேண்டும் என்னும் உயர்ந்த இலக்கையும் எழுதி வைத்தார்கள். மோனோரயிலுக்கென்று தொங்குபாலம் ஒன்றும் எழுந்தது. 2004இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ரயில் ஓடாத அப்பாலம் ஏரியின்மேல் இன்றும் நிற்கின்றது. சுற்றுலாப் பயணிகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பெருஞ்சாலைகள் மட்டும் குறைவின்றி முடிந்தன. 2009 அக்டோபரில் இந்நகரமும் அண்டை நகரான சைபர்ஜெயாவும் முன்னோடிப் பசுமை நகரங்கள் ஆகும் என வரவு செலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து வரும் எம்.ஆர்.டி. ரயில் தடம் புத்ராஜெயாவை எட்டியதோ 2023 மார்ச்சில். அதற்குள் ஒரு தலைமுறை காரோட்டப் பழகிவிட்டது.

அந்நகரத்தில் நல்லதும் உண்டு, மறைத்தல் அறமாகாது. அரசாங்க அலுவலகங்கள் பலவற்றுக்குக் குளிர்நீரை ஒரு பொது நிலையத்தில் உண்டாக்கி நிலத்தடிக் குழாய்களின் வழியே அனுப்புகின்றனர். கட்டடங்கள் நெருங்கி நிற்குமாறு முன்கூட்டியே திட்டமிட்டதனாலன்றோ இது இயன்றது? நிலத்திட்டமும் எரிசக்தியும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு இதுவே நற்சான்று. எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடமும் அங்கேதான் உள்ளது. கீழ்நோக்கிக் குறுகும் அதன் சுவர்கள் தமக்குத் தாமே நிழல் செய்துகொள்கின்றன. வழக்கமான அலுவலகக் கட்டடம் செலவிடும் மின்சாரத்திற் பாதியும் அதற்குத் தேவைப்படுவதில்லை.

ஆனால் இத்தகைய கட்டடம் ஒன்றுக்கு நாள்தோறும் இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து தனியே காரோட்டி வரும் எழுத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். போய்வர ஐம்பது கிலோமீட்டர். நான்கு லிட்டர் பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆண்டுக்கு 220 வேலை நாள்களில் இரண்டு டன்! ஐந்தாம் ஆண்டு மாணவனும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. கட்டடம் சேமித்ததைச் சாலை விழுங்குகின்றது. கட்டடத்துக்கு விருது வழங்குகின்றோம்; சாலையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

‘மின்சாரக் கார் வந்துவிட்டால் இக்கவலை தீருமே’ என்பர். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் பிறக்கின்றது என்பதை அவர்கள் மறந்தனர் போலும். மின்சாரக் கார் புகையைக் குறைக்கும். தொலைவைக் குறைக்காது, நெரிசலையும் குறைக்காது. அதை வாங்க வகையற்றவனுக்கு அது எதையுமே குறைக்காது.

சிங்கப்பூரைச் சுட்டினால், அது சிறு தீவு என்று தட்டிக் கழிக்கின்றனர். சிறு தீவுகள் உலகில் ஆயிரம் உள்ளன. அவற்றில் எத்தனை 1971இலேயே புதுநகரங்களையும் விரைவு ரயில் தடத்தையும் ஒரே வரைபடத்தில் இட்டன? 1975இல் நகர நடுவே நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தார்கள். 1987இல் ரயில் ஓடிற்று. 1990இல் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள். அங்கும் குறை உண்டு. மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்களவு இன்னும் எரிவாயுவிலிருந்தே வருகின்றது. எனினும் வீட்டையும் ரயிலையும் சேர்த்து எண்ணிய சிந்தனை பாராட்டுக்குரியது.

நம் நாட்டிலோ நிலம் மாநிலத்தின் கையில். எரிசக்தி மத்திய அரசின் கையில். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இல் பிறந்தது, மின்சார விநியோகச் சட்டம் 1990இல் பிறந்தது. இரண்டும் ஒரே வீட்டிலிருந்தும் பேசிக்கொள்ளாத பங்காளிகள் போல் வாழ்கின்றன. மேம்பாட்டாளரிடம் எரிசக்தி பற்றிக் கேட்கப்படுவது பெரும்பாலும் துணைமின் நிலையத்துக்கு இடம் விட்டாயா என்பதே. எத்தனை கார் நிறுத்துமிடம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். எத்தனை குழந்தைகள் பள்ளிக்கு நடந்து செல்ல இயலும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மனைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக வீட்டு வரிசைகளை மேற்கு வெயிலுக்கு நேரே நிறுத்துகின்றனர். சுவர் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ, குடியிருப்போர் குளிர்சாதனப் பெட்டிக்குக் கடன்படுகின்றனர். என் பள்ளியின் பழைய கட்டடம் வடக்கும் தெற்கும் நோக்கியது. விசிறி ஒன்றே போதும். புதிய கட்டடம் மேற்கு நோக்கியது. பிற்பகலில் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியைகளின் நிலையை நான் எழுதத் தேவையில்லை.

அண்மையில் எங்கள் வட்டாரத்து வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நானும் சென்றேன். பல வண்ணம் தீட்டிய வரைபடம். பணிவான இளம் அதிகாரி. “இவ்வீடுகளுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், ஐயா?” என்றேன். “அது வேறு துறை, சார்” என்றார். நம் ஆலயக் குழுக்களும் இயக்கங்களும் நிலமும் மானியமும் கேட்டு எத்தனையோ வாயில்களில் நின்றிருக்கின்றன. இந்த வரைபடத்தின் முன் அவற்றின் சார்பில் எவரையும் நான் காணவில்லை. பின்னர் நம் பிள்ளைகள் குடியேறப்போவதோ அங்கேதான்.

மறுப்புப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி இவ்வாறு எழுதினேன்: ரயில் நிலையத்துக்கோ அடிக்கடி வரும் பேருந்துக்கோ நடந்து செல்ல இயலாத இடத்தில் வீடுகளுக்கு அனுமதி வழங்கலாகாது. ஒவ்வொரு திட்டத்துடனும் அதன் மின்சாரக் கணக்கும் பயணக் கணக்கும் இணைக்கப்பட வேண்டும். அக்கணக்கில் மின்துறை அதிகாரியும் கையொப்பமிட வேண்டும், நிலம் விற்கப்படுவதற்கு முன்பே.

படிவத்தைப் பெற்றுக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதிலுக்குக் காத்திருக்கின்றேன்.