‘ஃபுல் ஸ்கிரீன்’ என்றால் முழுப் படமா?

செல்போனில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் இரண்டு ஓரங்களிலும் கறுப்பாக இடம் கிடக்கிறது. இரண்டு விரல்களை வைத்து விரித்தால் போதும், திரை நிறைந்துவிடும். ‘அப்பாடா, இப்பத்தான் முழுசாத் தெரியுது’ என்று தோன்றும். ஆனால், 20:9 அளவுள்ள போனில் 16:9 வீடியோவை இப்படி விரித்தால், மேலும் கீழுமாக ஐந்தில் ஒரு பங்கு படம் வெட்டுப்பட்டுவிடும்!

இந்தக் குழப்பம் செல்போனோடு வந்ததல்ல. 1950-களில் அமெரிக்க வீடுகளுக்குள் டி.வி நுழைந்ததும் தியேட்டர்களில் கூட்டம் குறைந்தது. டி.வி-யால் தர முடியாததைத் தருவோம் என்று ஹாலிவுட் தன் திரையை அகலமாக்கியது. 1953-ல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. உயரத்தைப்போல இரண்டரை மடங்கு அகலம். டி.வி பெட்டியோ 4:3, கிட்டத்தட்ட சதுரம்.

வேடிக்கை என்னவென்றால், டி.வி-யை ஜெயிக்க எடுத்த அதே படங்கள் கடைசியில் டி.வி-க்கே வந்தன. 1961-ல் அமெரிக்காவின் என்.பி.சி, சனிக்கிழமை இரவுகளில் சினிமா போடத் தொடங்கியது. முதல் படமே சினிமாஸ்கோப்பில் எடுத்த ‘ஹவ் டு மேரி எ மில்லியனர்’. மர்லின் மன்றோ உட்பட மூன்று நாயகிகள். மூவரும் வரிசையாக நின்றால் அந்தப் பெட்டிக்குள் எப்படி அடக்குவது?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர், ‘பான் அண்ட் ஸ்கேன்’. ஒரு டெக்னீஷியன் காட்சிக்குக் காட்சி எந்தப் பகுதி முக்கியம் என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துக்கொள்வார். மிச்சம் வெளியே. 2.35 மடங்கு அகலமான படத்தில் இப்படி நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். ஒரு கோடியில் கணவன், மறு கோடியில் மனைவி, நடுவே மௌனம் என்று இயக்குநர் எடுத்திருப்பார். டி.வி-யில் ஒரு முகம் மட்டும் தெரியும். அந்த இடைவெளிதான் காட்சியின் அர்த்தம் என்பது பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு வழியும் இருந்தது. முழு அகலத்தையும் காட்டி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவது. தன் ‘மன்ஹாட்டன்’ படத்தின் வீடியோ அப்படித்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் வுடி ஆலன். ஆனால், பலருக்குப் பட்டை பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய டி.வி-யில் பாதி வீணாகிறதே என்ற ஆதங்கம்.

டி.வி.டி காலத்தில் ஒரே படம் ‘வைட் ஸ்கிரீன்’, ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று இரண்டு விதமாகக் கடைக்கு வந்தது. ‘ஃபுல்’ என்ற சொல்லை நம்பிப் பலர் இரண்டாவதை எடுத்துப்போனார்கள். அதில் நிறைந்தது திரை; குறைந்தது படம்.

விதிவிலக்கும் உண்டு. சில படங்களை உயரமாகவே எடுத்து, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்துக் காட்டுவார்கள். அவற்றின் ‘ஃபுல் ஸ்கிரீன்’ பதிப்பில் கூடுதலாகவே தெரியும். சில நேரம், தலைக்கு மேல் தொங்கும் மைக்கும் சேர்ந்து தெரியும்!

அகல டி.வி வந்ததும் கதை தலைகீழானது. 2019-ல் டிஸ்னி பிளஸ் தளத்தில் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூனின் பழைய 4:3 எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். ஒரு காட்சியில் மூன்று தொட்டிகளில் மூன்று வகை பீர். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாய்! அதுதான் ஜோக். வெட்டியதில் குழாயே காணோம். ரசிகர்கள் புகார் சொல்ல, 2020 மே மாதம் பழைய அளவிலேயே பார்க்கும் வசதி வந்தது.

வீட்டு டி.வி-யில் ஆட்கள் குண்டாகத் தெரிந்தாலோ, தலை வெட்டுப்பட்டாலோ, ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ பகுதிக்குப் போய் ‘ஜூம்’, ‘ஸ்ட்ரெச்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். போனில், விரித்த விரல்களைத் திரும்பச் சுருக்கினால் போதும். கறுப்பு இடம் திரும்பி வரும். கூடவே, விட்டுப்போன படமும் வரும்.