கண் மட்டும் போதாது

1941 டிசம்பர் 7, காலை 7.02. ஹவாய்த் தீவுகளின் ஓபானாவில் அமெரிக்க ராணுவ ரேடாரின் திரையில் பெரிய சமிக்ஞை எழுந்தது. வடக்கே 200 கி.மீ.க்கும் அப்பால் ஒரு விமானக் கூட்டம். பணியில் இருந்த இரண்டு சிப்பாய்கள் தகவல் மையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். 7 மணியோடு வேலை முடிந்து அங்கே பெரும்பாலோர் கிளம்பிவிட்டிருந்தனர். எஞ்சியிருந்த இளம் அதிகாரிக்கு அந்தப் பணி புதிது. அன்று வரவேண்டிய சொந்த நாட்டு பி-17 விமானங்கள்தான் என்று நினைத்து, கவலை வேண்டாம் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் பேர்ல் ஹார்பர் பற்றி எரிந்தது. 2,400 பேருக்கு மேல் இறந்தனர்.

ரேடார் தன் வேலையைச் சரியாகவே செய்தது. கோளாறு அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டில்.

அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டன் இதைவிடப் பழைய பாணிக் கருவியை வைத்துக்கொண்டே தாக்குப்பிடித்தது. ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் 1935 பிப்ரவரி 26 அன்று, டாவன்ட்ரியில் பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டே ஒரு குண்டுவீச்சு விமானத்தைச் சுமார் 13 கி.மீ. தூரத்தில் கண்டுபிடித்தனர். 1939-ல் போர் தொடங்கியபோது கடற்கரையோரம் 'செயின் ஹோம்' நிலையங்கள் வரிசையாக நின்றன. 360 அடி இரும்புக் கோபுரங்கள் அலைகளை அனுப்ப, 240 அடி மரக் கோபுரங்கள் எதிரொலியை வாங்கின. சிறந்த கருவிக்காகக் காத்திருப்பதைவிட, இருப்பதை வைத்து உடனே தொடங்குவதே வாட்சன்-வாட்டின் கொள்கை. எனவே குறைகளுக்குப் பஞ்சமில்லை. கோபுரங்கள் கடலை மட்டுமே பார்த்தன. கரை தாண்டிய விமானங்களை 'அப்சர்வர் கோர்' தொண்டர்கள் கண்ணாலும் காதாலும் பின்தொடர வேண்டியிருந்தது. உயரத்தையும் எண்ணிக்கையையும் கணிப்பதில் தவறுகள் சகஜம்.

இவற்றை ஈடுகட்டியது தளபதி ஹியூ டௌடிங் உருவாக்கிய அமைப்பு. ரேடார் நிலையங்களின் தகவல்கள் தொலைபேசி வழியே பென்ட்லி ப்ரையரியில் உள்ள 'ஃபில்டர்' அறைக்கு வந்தன. அங்கே முரண்பட்ட செய்திகள் சலிக்கப்பட்டன. விமானப்படைப் பெண்கள் மேஜை வரைபடத்தில் எதிரியின் பாதையைக் குறித்தனர். சில நிமிடங்களில் செய்தி கட்டுப்பாட்டு அறைகளுக்குப் போனது. யார் யாருக்குச் சொல்வது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

1940 ஆகஸ்ட் 12-ல் ஜெர்மன் விமானங்கள் ரேடார் நிலையங்களைத் தாக்கின. வென்ட்னார் முடங்கியது, மற்றவை சில மணி நேரத்தில் மீண்டன. மூன்றே நாளில், இந்தத் தாக்குதல்களால் பயனுண்டா என்று கோயரிங் சந்தேகம் கிளப்பினார். ஜெர்மானியர் கண்டது கோபுரங்களை. அவற்றுக்குப் பின்னால் இருந்த தொலைபேசிகளையும் மேஜைகளையும் அவர்கள் சரியாக எடைபோடவில்லை.

விமானப் பாதுகாப்புக்குக் கருவி வாங்கும் எந்த நாடும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: திரையில் புள்ளி தெரியும்போது, தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியுமா?