ஒரு கப்பல், பல வழக்குகள்: ஒருங்கிணைந்த விசாரணையே தீர்வு

கொச்சி அருகே அரபிக் கடலில் 2025 மே 25-ஆம் தேதி ‘எம்எஸ்சி எல்சா 3’ சரக்குக் கப்பல் மூழ்கியது. சுற்றுச்சூழல் பாதிப்புக்காக ரூ.9,531 கோடி இழப்பீடு கோரி கேரள அரசு உயர் நீதிமன்றத்தை நாடியது. சரக்கை இழந்த முந்திரி இறக்குமதியாளர்களும் தனியே வழக்குத் தொடுத்தனர். மூழ்கிய கப்பலுக்கு ஈடாக, அதே குழுமத்தின் வேறு கப்பல்களைச் சிறைபிடிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தகைய வழக்குகளைத் தனித்தனியே விசாரித்தால், விபத்துக்கான காரணத்தை ஒவ்வொருவரும் புதிதாக நிரூபிக்க வேண்டும். முரண்பட்ட தீர்ப்புகளும் வரக்கூடும். கப்பலின் கொள்ளளவைப் பொறுத்து உரிமையாளரின் பொறுப்புக்குச் சட்டம் உச்சவரம்பும் அனுமதிக்கிறது. அவ்வரம்பு பொருந்தினால், ஒரே நிதியை அனைவரும் விகிதாசாரப்படி பகிர வேண்டியிருக்கும்.

ஒரே நீதிமன்றத்தில் உள்ள வழக்குகளைச் சேர்த்து விசாரிப்பது எளிது. வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் இருந்தால், 2017-ஆம் ஆண்டு கடல்சார் உரிமைகோரல் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றமே மாற்ற இயலும்.

எனினும், சரக்கின் மதிப்பை ஆவணங்களே காட்டிவிடும். கடலின் சேதத்தைக் கணக்கிட ஆண்டுகள் ஆகலாம். எனவே விபத்துக்கான பொறுப்பை ஒன்றாகவும், இழப்பின் அளவைத் தனித்தனியாகவும் தீர்மானிப்பதே சிறு வணிகர்களைக் காக்கும்.