காபி கொட்டியதைச் சொல்லாத பிள்ளை

பத்து நாளாக டீச்சர் பதிவைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு: எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, லேப்டாப்புக்குத்தான்.

திடீரென்று ஆமையாகிவிட்டது. ஒரு போட்டோ திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். வைரஸ் என்றார் ஒருவர், அப்டேட் என்றார் இன்னொருவர். கொண்டுபோன கடையில் கழற்றிக்கூடப் பார்க்காமல், "போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிருங்க" என்றார்கள். என் வகுப்புப் படங்களும், மறைந்த என் வீட்டுக்காரரின் குரல் பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன. அன்று இரவு தூக்கமில்லை.

மறுநாள் ரிப்பேர் தொழில் செய்யும் நம் மாணவன் ஒருவன் (பேர் போட்டால் கோபிப்பான்) வீட்டுக்கே வந்தான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். எதை ஓட்டினாலும் பிராசசர் வேகம் 0.4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தான், அதே கதை. "டீச்சர், இதுல என்ன கொட்டுச்சு?" என்றான். ஒன்றும் கொட்டவில்லையே என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கதவோரம் நின்ற பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அரை டம்ளர் காபி. மேலே துடைத்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டாள். நானும் தெரியாமல் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

முதலில் படங்கள், பதிவுகள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தான். பிறகு பின்மூடியைக் கழற்றினால், மின்விசிறியில் பாலும் சர்க்கரையும் பிசினாக ஒட்டியிருந்தன. பேட்டரி சொருகுமிடத்தில் பச்சை பூத்திருந்தது. சூடு கூடினாலோ, பேட்டரிப் பக்கமிருந்து தப்பான எச்சரிக்கை போனாலோ பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து காயவைத்தான். மறுநாள் பழைய வேகம்.

கொட்டியவுடனே தெரிந்திருந்தால்? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, திறந்த வாக்கில் கூடாரம் போலக் கவிழ்த்து வைத்திருக்கலாம். ஹேர் டிரையர் கூடாது. அரிசிக்குள் புதைப்பதும் வீண். அரிசிக்குச் சர்க்கரையை உறிஞ்சத் தெரியாது. காய்ந்துவிட்டதே என்று மறுபடி போடாமல், அன்றே திறந்து சுத்தம் செய்யக் கொடுத்திருந்தால் பச்சை பூத்திருக்காது.

ஆனால் அவள் எப்படிச் சொல்வாள்? இந்த வீட்டில் டம்ளர் விழும் சத்தத்தைவிட என் சத்தம்தான் பெரிசு. 1989இல் வருகைப் பதிவேட்டில் மை கொட்டிய ஒரு பையனை நான் அடித்தேன். கொட்டியதற்காக அல்ல, மறைத்ததற்காக என்று இத்தனை வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஏன் மறைத்தான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவனும் இதைப் படிப்பான். மன்னித்துக்கொள்ளப்பா.

திட்டாவிட்டால் பிள்ளைக்குக் கவனம் எப்படி வரும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் வேலை பார்த்த காலமெல்லாம் அதையே கேட்டவள்தான். என் கண்முன்னால் திட்டினால் வந்தது கவனமில்லை, ஒளிக்கும் சாமர்த்தியம். காபி கெடுத்தது கொஞ்சம், அந்த ஒரு வாரம் கெடுத்ததுதான் அதிகம்.

இப்போது நன்றாக ஓடுகிறது. 'க' விசை மட்டும் இன்னும் லேசாக ஒட்டுகிறது. இந்தப் பதிவில் எங்காவது 'க' விட்டுப்போயிருந்தால் காபியைத் திட்டுங்கள், என் பேத்தியை வேண்டாம்.