ஒரு சொட்டு ரத்தமும் ஒரு துண்டுச் சீட்டும்



காய்ச்சல் வந்தால் நம் ஊரில் என்ன நடக்கிறது? இரண்டு நாள் பார்ப்போம், மூன்றாம் நாள் ரத்தம் கொடுப்போம். சாயங்காலம் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘வைடால் பாசிட்டிவ்’ என்று இருந்துவிட்டால் போதும், “டைபாய்டாம்!” என்று தெருவே பேசும். மாத்திரை, ஊசி, கஞ்சிப் பத்தியம் எல்லாம் அன்றைக்கே ஆரம்பம். அந்தச் சீட்டு எவ்வளவு தூரம் உண்மை பேசுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

வைடால் சோதனை 1896-ல் பெர்னாண்ட் வைடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்டது. இது டைபாய்டு கிருமியைப் பிடிப்பதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. அதாவது திருடனைப் பிடிக்காமல், நாய் குரைத்ததை வைத்துத் திருடன் வந்தான் என்று சொல்வது மாதிரி! நாய் போன வருஷம் வந்தவனை நினைத்தும் குரைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தும் குரைக்கலாம். பழைய டைபாய்டு, தடுப்பூசி, ஏன், மலேரியாகூட வைடாலைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். காய்ச்சலின் முதல் வாரத்திலோ, நிஜமான டைபாய்டுக்கே நெகட்டிவ் வரலாம். பத்துப் பதினாலு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. இரண்டாவது முறை யார் வருகிறார்கள்?

சரியான வழி ரத்தக் கல்ச்சர். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, தோலை நன்றாகச் சுத்தம் செய்து, பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் விட வேண்டும். கிருமி வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது சாகும் என்றும் சொல்லிவிடலாம். இதுவும் முழுமையானதில்லை. டைபாய்டு உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேரைத்தான் பிடிக்கும். ஆனால் பிடித்தால், அது திருடனேதான்!

மெக்கானிக்கல் நண்பர்களே, வெர்னியரைக் கையில் எடுத்ததும் ஜீரோ எரர் பார்க்கிறீங்களா இல்லையா? எங்கள் லேபில் அதற்குப் பெயர் கன்ட்ரோல். பாசிட்டிவ் என்று தெரிந்த ஒரு சீரம், நெகட்டிவ் என்று தெரிந்த ஒரு சீரம், இரண்டையும் நோயாளியின் சீரத்தோடு சேர்த்தே போட்டுப் பார்க்க வேண்டும். ரீஏஜென்டை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடானால் ரீஏஜென்ட் கெடலாம். அதைக் காட்டிக்கொடுப்பது கன்ட்ரோல்தான். இந்த ஒழுங்கையெல்லாம் சேர்த்து எழுதியதுதான் ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரநிலை. 2003-ல் வந்து, 2022-ல் புதுப்பிக்கப்பட்டது. நம் நாட்டில் இதன்படி அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். ஆனால் விருப்பப்பட்ட லேப் வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில்தான் அது இருக்கிறது.

“கல்ச்சருக்குக் காசும் அதிகம், நாளும் அதிகம். கூலி வேலைக்குப் போற வீட்டுக்குக் கட்டுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் வீடும் அப்படிப்பட்டதுதான். ஆனால் தப்பான சீட்டு மட்டும் மலிவா? டைபாய்டு என்று நினைத்து டெங்குவையும் மலேரியாவையும் கோட்டை விட்டால் யார் பொறுப்பு? தேவையில்லாமல் தின்ற ஆன்டிபயாடிக் சும்மா போவதில்லை, கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் 2016-ல் கிளம்பிய டைபாய்டுக்கு செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியே வேலை செய்யவில்லை.

அரசு நினைத்தால் முடியும். காசநோய்க்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைகள் தவறான முடிவு தருகின்றன என்று 2011-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2012-ல் இந்தியா அவற்றைத் தடை செய்தது. அந்தத் துணிவு டைபாய்டு விஷயத்திலும் வரட்டும். வைடாலைத் தடை செய்தால் மட்டும் போதாது. தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் இலவசக் கல்ச்சர் வசதி வேண்டும். இதைக் கேட்பதும் மாணவர் சங்கத்தின் வேலைதான்.

அதுவரை நம்மால் முடிந்தது என்ன? ஹாஸ்டலில் யாருக்காவது காய்ச்சல் என்றால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். டாக்டரிடம், “கல்ச்சர் எடுக்கலாமா சார்?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

என்னோடு படிக்கும் லேப் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாளைக்கு நாம் வேலைக்குச் சேரும் இடத்தில், “கன்ட்ரோல் எல்லாம் எதுக்குப்பா, சீக்கிரம் ரிப்போர்ட்டைக் குடு” என்று சொல்வார்கள். கொடுக்கக் கூடாது. கன்ட்ரோல் தப்பினால் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் அப்பாவால் சரிபார்க்க முடியாது. எழுதியவரை நம்பித்தான் மருந்து சாப்பிடுவார். அப்படி நம்புகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

— இரண்டாம் ஆண்டு, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு